வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம்: தோண்டுவதற்கு முன்பும் பின்பும்

வீட்டின் பின்புறத்தில் நீச்சல் குளம் அமைக்க எண்ணுபவர்களில் பெரும்பாலோர் முதலில் யோசிப்பது அதன் வடிவத்தையும் ஓடுகளின் நிறத்தையும்தான். குளத்தைக் கட்டி முடிக்கச் சில மாதங்களே ஆகும். அதைப் பராமரிக்கும் வேலையோ குளம் இருக்கும் காலமெல்லாம் தொடரும். தண்ணீர் எப்போதும் தெளிவாக இருக்குமா, வாரந்தோறும் எவ்வளவு நேரம் அதற்காகச் செலவாகும், மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்பவை பெருமளவுக்கு மண்வெட்டி நிலத்தில் படுவதற்கு முன்பே, வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே, நாளை வலையும் தூரிகையும் பிடிக்கப்போகிறவர் யாரோ, அவருடைய கண்ணோடு இன்றைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

இடமும் அளவும்

குளத்துக்கு வெயில் வேண்டும். தண்ணீர் இதமாக இருப்பதற்கு அதுவே மலிவான வழி. இலை உதிர்க்கும் மரங்களின் அடியில் குளத்தை அமைத்தால், ஒவ்வொரு நாளும் இலை அள்ளுவது ஒரு தொல்லை, வேர்கள் குழாய்களையும் சுவரையும் நெருக்குவது இன்னொரு தொல்லை. காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீரின் மேற்பரப்பில் மிதக்கும் தூசியையும் சருகையும் காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறதோ அந்தப் பக்கத்துச் சுவரில்தான் ஸ்கிம்மர் எனப்படும் மேல்நீர் உறிஞ்சும் வாய் அமைய வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் துப்புரவு வேலையில் பாதியைக் காற்றே செய்துவிடும். எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டால், குளம் உள்ளவரை வலையால் அள்ளிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மனையின் தாழ்வான மூலையில் குளத்தை அமைக்கக் கூடாது. மழை பெய்தால் தோட்டத்து மண்ணும் உரமும் கரைந்து அங்கேதான் வந்து சேரும். குளத்தைச் சுற்றியுள்ள தளம் மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடியில் ஓடும் மின்கம்பி, தலைக்கு மேல் செல்லும் மின்கம்பி ஆகியவற்றிலிருந்து போதிய தூரம் விடுவதும், உள்ளூர் ஆட்சியமைப்பின் கட்டட அனுமதியைப் பெறுவதும் விளக்கம் தேவைப்படாத முன்வேலைகள். வீட்டில் ஆட்கள் அதிக நேரம் இருக்கும் அறையிலிருந்து குளம் முழுவதும் கண்ணில் படுமா என்பதையும் பாருங்கள்.

நிலத்தடி நீர்மட்டம் பலரும் மறந்துவிடும் செய்தி. மழைக்காலத்தில் ஒரு சோதனைக் குழியை, திட்டமிட்ட ஆழத்தைவிடச் சற்று அதிகமாகத் தோண்டி, சில நாள் திறந்துவைத்துப் பார்த்தால், ஊற்று எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நீர்மட்டம் உயர்ந்த நிலமாக இருந்தால், குளத்தின் அடியில் சல்லிப் படுகையும், நீரை வெளியேற்றும் கிணற்றுக்குழாயும், அடித்தளத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வும் தேவைப்படும். காரணம் எளியது: குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அதன் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை ஈடுசெய்கிறது, சுத்தம் செய்வதற்காகக் காலி செய்த மறுகணம் அந்த எடை இல்லாமற்போகிறது. சூழ்ந்திருக்கும் நிலத்தடி நீர் வெற்றுக் குளத்தை அப்படியே மேலே தூக்கிவிடும். ஃபைபர் கிளாஸ் தொட்டிகள் மட்டுமல்ல, கான்கிரீட் குளங்களும் இப்படி எழும்பி உடைந்ததுண்டு.

அளவைப் பொறுத்தவரை, பெரிய குளத்தைவிடப் பயன்படும் குளமே மேல். எடுத்துக்காட்டாக, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1.1 மீட்டரும் மறுமுனையில் 1.7 மீட்டருமாகச் சரியும் ஆழம் என்று கொள்வோம். சராசரி ஆழம் 1.4 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 44.8 கன மீட்டர், அதாவது 44,800 லிட்டர். எடை ஏறத்தாழ 45 டன். இந்த லிட்டர் கணக்கை மோட்டார் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பம்பின் திறன், வடிகட்டியின் அளவு, போட வேண்டிய குளோரினின் எடை எல்லாமே இந்த ஓர் எண்ணிலிருந்துதான் கிளைக்கின்றன. ஆழத்தைக் கூட்டுவதால் நீந்தும் இடம் கூடுவதில்லை. தண்ணீரும் மருந்தும் மின்சாரமும்தான் கூடுகின்றன. தலைகீழாகப் பாய்வதற்கு 2.7 மீட்டருக்குக் குறையாத ஆழமும் அதற்கேற்ற நீளமும் வேண்டுமாதலால், வீட்டுக் குளத்தில் அந்த ஆசையைக் கைவிட்டு, பாய்வதற்குத் தடை என்று எழுதிவைப்பதே நல்லது. அடித்தளத்துக்கு வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கருநீலமும் கரும்பச்சையும் படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் நீருக்கடியில் மூழ்கிய ஒருவரை மேலிருந்து காண்பதற்கு அவை தடையாகும்.

எந்த வகைக் குளம்?

கான்கிரீட் குளத்தை எந்த வடிவத்திலும் கட்டலாம், நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதன் சிமென்ட் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் பாசி எளிதில் பற்றும், தூரிகை வேலை கூடுதல். ஃபைபர் கிளாஸ் தொட்டி தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டு வருவது. வழவழப்பானது, பராமரிப்புக்கு எளியது, ஆனால் வார்ப்பில் உள்ள வடிவம்தான் கிடைக்கும், அதைக் கொண்டுவந்து இறக்குவதற்குப் பாதையும் பளுதூக்கியும் வேண்டும். வினைல் விரிப்புக் குளம் தொடக்கச் செலவில் குறைந்தது. விரிப்பைப் பத்து ஆண்டுகளை ஒட்டி மாற்ற நேரும். அன்றாட உழைப்பைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு ஃபைபர் கிளாஸையே நான் பரிந்துரைப்பேன்.

கான்கிரீட்டில் கட்டினால் இரண்டு சோதனைகளை விட்டுவிடக் கூடாது. குழாய்களை மண்ணால் மூடுவதற்கு முன்பு அவற்றில் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுக்க அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், ஓடு பதிப்பதற்கு முன்பாகவே குளத்தை நிரப்பி ஒரு வாரம் மட்டத்தைக் கண்காணிக்க வேண்டும். அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரருக்கு இவ்விரண்டும் வீண் தாமதமாகத் தோன்றலாம். ஓடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட கசிவைப் பிறகு தேடுவது எவ்வளவு துன்பம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தாமதம் பெரிதல்ல.

பம்பும் வடிகட்டியும்

வீட்டுக் குளத்தின் மொத்தத் தண்ணீருக்கு ஈடான அளவு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் வடிகட்டி வழியாகச் சென்று திரும்ப வேண்டும் என்பது பொது விதி. நம் எடுத்துக்காட்டுக் குளத்துக்கு 44,800-ஐ 8-ஆல் வகுத்தால், மணிக்கு 5,600 லிட்டர். ஒரு சுற்று ஓடிவிட்டால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் ஏறத்தாழ 63 விழுக்காடும், இரண்டாவது சுற்றின் முடிவில் 86 விழுக்காடும்தான் வடிகட்டியைக் கடந்திருக்கும்.

பெரிய பம்பை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது பரவலான தவறான எண்ணம். வடிகட்டியால் தாங்க முடியாத வேகத்தில் நீர் பாய்ந்தால் அழுக்கு மணலுக்குள் தங்காமல் ஊடுருவித் திரும்பிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பே சிறந்த முதலீடு. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும்; மின்சாரத் தேவையோ கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதே அளவு நீரை நகர்த்த இருமடங்கு நேரம் ஓட்டினாலும் செலவாகும் மின்சாரம் கால்வாசிதான். நடைமுறையில் சேமிப்பு இதைவிடச் சற்றுக் குறையும், ஆயினும் கணிசமானது. குழாய்களில் வளைவுகளைக் குறைத்து, உறிஞ்சும் குழாயின் விட்டத்தைத் தாராளமாக வைத்தால் பம்பின் சுமை இன்னும் குறையும்.

மணல் வடிகட்டி எளியது, தாங்கும் தன்மை மிக்கது. 500 மி.மீ. விட்டமுள்ள வடிகட்டியில் மணற்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். அது மணிக்கு 5,600 லிட்டரை நிதானமாகக் கையாளும். மணல் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துவைத்து, அதற்கு மேல் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறியதும் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ வேண்டும். பேக்வாஷ் எனப்படும் இந்த வேலையை நாள்காட்டியைப் பார்த்துச் செய்யாமல் அழுத்தமானியைப் பார்த்தே செய்யுங்கள். ஓரளவு அழுக்குப் படிந்த மணல்தான் நுண்ணிய துகள்களை நன்றாகப் பிடிக்கும். வால்வின் கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்திவிட வேண்டும். மடிப்பு மடிப்பான துணியுறை கொண்ட கார்ட்ரிட்ஜ் வடிகட்டி இன்னும் நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும், கழுவும்போது தண்ணீரும் குறைவாகவே செலவாகும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடங்களுக்கு அது பொருந்தும்.

பாதுகாப்பை வரைபடத்திலேயே சேர்த்தல்

குழந்தைகள் ஓசையின்றி மூழ்குகிறார்கள். கூச்சலிட்டுக் கையசைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு; ஓரிரு நிமிடங்களில், பெரும்பாலும் பெரியவர்கள் அருகிலேயே இருக்கும்போது அது நடந்துவிடுகிறது. ஆகவே, வேலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. குளத்தில் முதல் வாளித் தண்ணீர் விழுவதற்கு முன்பே அது நின்றாக வேண்டும். நான்கு பக்கமும் சூழ்ந்து, வீட்டிலிருந்தும் குளத்தைப் பிரிக்கும் வேலிதான் வேலி. வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாகக் கொண்டால், குழந்தை கதவைத் திறந்ததும் நேரே தண்ணீருக்கு வந்துவிடும். உயரம் குறைந்தது 1.2 மீட்டர், கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்கும் குறைந்த இடைவெளி, காலூன்றி ஏற இடம்தராத அமைப்பு, குளத்திலிருந்து வெளிநோக்கித் திறந்து தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளும் கதவு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். வேலியோரம் நாற்காலியோ பூந்தொட்டியோ வைத்தால் அதுவே ஏணியாகிவிடும். என்ன வேலி போட்டாலும், பெரியவர் ஒருவரின் இமைக்காத கண்காணிப்புக்கு அது ஈடாகாது.

அடித்தள வடிகாலின் உறிஞ்சுவிசை முடியையோ உடலையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே ஒரே வடிகாலாக வைக்காமல், 90 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியில் இரண்டு வடிகால்களை ஒரே குழாயில் இணைத்து, முடியோ உடலோ சிக்குவதைத் தடுக்கும் வகையில் குவிந்த மூடிகளைப் பொருத்த வேண்டும். மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், சரிசெய்யும்வரை ஒருவரும் குளத்தில் இறங்கக் கூடாது. மின்சாரத்தில், நீரடி விளக்குகள் 12 வோல்ட்டில் இயங்குபவையாக இருக்கட்டும்; பம்பின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும், குளத்தைச் சுற்றியுள்ள உலோகப் பகுதிகள் அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பியும் தேர்ந்த மின்பணியாளரால் அமைக்கப்பட வேண்டும்.

நீரின் வேதியியல்

குளத்து நீரைப் பேணுவதில் குளோரினைவிட முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு. குளோரின் நீரில் கரைந்ததும் கிருமியை விரைந்து கொல்லும் வடிவமாகவும், மந்தமான வடிவமாகவும் பிரிகிறது. எது எவ்வளவு என்பதை பி.எச்.தான் தீர்மானிக்கிறது. 7.5-இல் பாதிப் பாதி, 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு வீரியமுள்ள வடிவில் இருக்கும். 8-க்கு ஏறிவிட்டால் கால்பங்குகூட இருக்காது. குளோரினை மேலும் மேலும் கொட்டியும் பாசி போகவில்லை என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் அமிலம் விட வேண்டிய இடத்தில் குளோரினைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கட்டும், 7.4-ஐ ஒட்டி இருந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் இதம்.

அந்த பி.எச். நிலையாக நிற்பதற்குத் துணைசெய்வது மொத்தக் காரத்தன்மை. அது லிட்டருக்கு 80 முதல் 120 மி.கி. வரை இருக்க வேண்டும். குறைந்தால், சமையல் சோடா என நாம் அறிந்த சோடியம் பைகார்பனேட்டைச் சேர்க்கலாம். நம் 44,800 லிட்டர்க் குளத்தில் 10 மி.கி. உயர்த்த ஏறத்தாழ 750 கிராம் பிடிக்கும். கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மி.கி. வரை. மிகக் குறைந்தால் நீர் சிமென்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்பை அரித்தெடுக்கும், மிகுந்தால் ஓடுகளில் வெண்மையாகப் படியும். நிரப்பும் நீர் ஆழ்துளைக் கிணற்றினுடையது என்றால் இரும்பின் அளவையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். தெளிவாகத் தெரிந்த நீர், குளோரின் பட்டதும் தேநீர் நிறமாக மாறுவதற்கு இரும்புதான் காரணம்.

கட்டுறாத குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 மி.கி.க்குக் குறையாமல் எப்போதும் இருக்க வேண்டும். வெயிலைத் தாங்குவதற்காகச் சயனூரிக் அமிலம் சேர்த்த குளத்தில் 2 மி.கி.க்குக் குறையக் கூடாது. அந்த அமிலம் இல்லாவிட்டால், உச்சி வெயிலில் சில மணி நேரத்துக்குள் குளோரினின் பெரும்பகுதி சிதைந்துவிடும். அந்த அமிலம் லிட்டருக்கு 30 முதல் 50 மி.கி. இருந்தால் போதிய காப்பு. ஆனால் அதுவே மிகுந்தால் குளோரினை இறுகப் பிடித்துக்கொண்டு செயலற்றதாக்கிவிடும். குளோரின் அளவு, சயனூரிக் அமிலத்தின் அளவில் 7.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது உதவும். 40-க்கு 3, 100-க்கு 7.5. மிதவையில் போடும் டிரைகுளோர் என்னும் குளோரின் மாத்திரைகளில்தான் இந்தப் பொறி ஒளிந்திருக்கிறது. அவை 10 மி.கி. குளோரின் தரும்போதெல்லாம் 6 மி.கி. சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகின்றன. நாளொன்றுக்கு 2 மி.கி. குளோரின் செலவாகும் குளத்தில் ஒரே மாதத்தில் 36 மி.கி. ஏறிவிடும், குளோரின் செலவாகித் தீரும், இது தங்கிவிடும். நீரின் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் நிரப்புவதைத் தவிர இதைக் குறைக்க எளிய வழியில்லை. வெளியூர் செல்லும் நாட்களுக்கு மாத்திரையை வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்குத் திரவக் குளோரினையோ கால்சியம் ஹைப்போகுளோரைட்டையோ பயன்படுத்துவது நல்லது. நம் குளத்தில் குளோரினை லிட்டருக்கு 1 மி.கி. உயர்த்த, 65 விழுக்காடு வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் 70 கிராம் போதும்.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியைக் குளோரின் இல்லாத முறை என்று விற்பவர்கள் உண்டு. அது சரியன்று. லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு கரைந்த நீரை மின்னாற்பகுத்து அதே குளோரினைத்தான் அதுவும் உண்டாக்குகிறது. அன்றாடம் ஊற்றும் வேலை மிச்சமாகும் என்பது உண்மை, பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை.

சோதனை செய்யும்போது, முழங்கை மூழ்கும் ஆழத்தில், நீர் உள்ளே பாயும் வாயிலிருந்து தள்ளி, குப்பியைத் தலைகீழாக இறக்கி நிமிர்த்தி நீரெடுக்க வேண்டும். டி.பி.டி. என்னும் குளோரின் சோதனை மருந்தை இட்டதும் நீர் இளஞ்சிவப்பாகும்; சிவப்பின் அடர்த்தியே குளோரினின் அளவு. ஒரு கணம் சிவந்து உடனே நிறமிழந்துவிட்டால் குளோரின் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. குளோரின் அளவுமீறி இருக்கும்போது அது சோதனை மருந்தின் நிறத்தையே வெளுத்துவிடுகிறது. அந்த வெறும் குப்பியை நம்பி மேலும் குளோரினைக் கொட்டினால் குளிப்பவர்களின் கண்ணும் தோலும் புண்ணாகும். ஐயமிருந்தால், மாதிரி நீரில் குளோரின் இல்லாத நீரைச் சமபங்கு கலந்து மீண்டும் சோதித்து, வரும் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

மருந்துகளைக் கையாள்வதில் சலுகைக்கு இடமே இல்லை. மருந்தை நீரில் இட வேண்டும், மருந்தின்மேல் நீரை ஊற்றக் கூடாது. அமிலமும் குளோரினும் கலந்தால் நச்சு வாயு எழும். டிரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கலாம். ஒரே அகப்பையை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட ஆபத்து. தனித்தனி இடத்தில், உலர்ந்த நிழலில், பூட்டிவையுங்கள்.

வாரந்தோறும் செய்ய வேண்டியவை

குளத்தைப் பயன்படுத்தும் காலத்தில் குளோரினையும் பி.எச்.ஐயும் நாள்தோறும், இயலாவிட்டால் வாரத்துக்கு மூன்று முறையாவது பார்க்க வேண்டும். காரத்தன்மையை வாரம் ஒருமுறை, கால்சியத்தையும் சயனூரிக் அமிலத்தையும் மாதம் ஒருமுறை. நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிற்கட்டும். இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும், ஏறினால் மிதப்பவை உள்ளே போகா. கூடைகளைக் காலி செய்து, சுவரையும் படிகளையும், குறிப்பாக நீரோட்டம் எட்டாத மூலைகளையும், வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்த்துவிட்டு அடித்தளத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். புதிய சிமென்ட் பூச்சுள்ள குளத்தை முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பி.எச். விடாமல் ஏறுவதும் இயல்பே. குளோரினை மாலையில் சேர்த்தால் இரவு முழுவதும் வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

குளத்திலிருந்து கண்ணை எரிக்கும் நெடி வந்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்பது பலரின் முடிவு. பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு சேர்ந்து கட்டுண்ட குளோரின்தான் அந்த நெடியைத் தருகிறது. கட்டுண்டதன் அளவைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரே முறையில் சேர்த்து அதை எரித்துப் போக்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் உடலைக் கழுவிக்கொண்டாலே இந்தத் தேவை வெகுவாகக் குறையும்.

நீர் பச்சையாகிவிட்டால், முதலில் பி.எச்.ஐ 7.2-க்கு இறக்கி, சுவர்களை நன்றாகத் தேய்த்து, குளோரினை உயர்த்தி, பம்பை இரவுபகலாக ஓட்டி, அழுத்தம் ஏறும்போதெல்லாம் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். பச்சை மறைந்து வெண்கலங்கலாக மாறுவது பாசி மடிந்ததற்கு அடையாளம். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல், ஓர் இரவில் குளோரின் 1 மி.கி.க்கு மேல் இறங்காத நிலை வரும்வரை தொடர வேண்டும். அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்தில் ஒருவரையும் இறங்கவிடக் கூடாது.

யாருக்கேனும் வயிற்றுப்போக்கு இருந்தால் அவர் குளத்துக்குள் வரவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, வழக்கமான குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கும் மேலாக உயிரோடிருக்கும். நீரில் அத்தகைய கழிவு கலந்துவிட்டால், சயனூரிக் அமிலம் இல்லாத குளத்தில், பி.எச். 7.5-க்கு மிகாமல் வைத்து, குளோரினை 20 மி.கி.க்கு உயர்த்தி 12 மணி 45 நிமிடம் அப்படியே நிறுத்த வேண்டும். சயனூரிக் அமிலம் சேர்த்த குளங்களுக்கு இதைவிட அதிகம் தேவை.

நீர்மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறது என்று தோன்றினால் உடனே கொத்தனாரை அழைக்க வேண்டாம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, படியில் பாதி மூழ்குமாறு வைத்து, வாளிக்குள்ளிருக்கும் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் வாளியிலேயே கோடிட்டுக் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது; குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. பம்பை ஓட்டி ஒருமுறையும் நிறுத்தி ஒருமுறையும் இதைச் செய்து, ஓடும்போது மட்டும் இழப்பு கூடுவதாகத் தெரிந்தால் கசிவு பெரும்பாலும் குழாயில்தான் இருக்கும். ஆவியாதலைக் குறைக்க மூடுவிரிப்பைப் போன்ற மலிவான கருவி வேறில்லை. வெப்பமும் குளோரினும் அதனால் மிச்சமாகும். ஆனால் நீந்தத் தொடங்குமுன் அதை முழுமையாகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். பாதி மூடிய விரிப்பின் அடியில் சிக்கிய குழந்தை மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.